‘நேட்டிவ்’ ஓர் ஊர் அல்ல

“எத்தனை வருஷம் புனேயில் இருந்தால் என்ன, உங்க நேட்டிவ் தமிழ்நாடுதானே?” இதைக் கேட்பவர் மராத்தி வீட்டுக்காரராக இருக்கலாம். திருநெல்வேலியிலிருந்து கல்யாணத்துக்கு வந்த பெரியப்பாவாக இருக்கலாம். சான்றிதழ் எழுதும் அலுவலக எழுத்தராகவும் இருக்கலாம். மூவருக்கும் காரணம் வேறு; நம்பிக்கை ஒன்று. ஆளுக்கு நேட்டிவ் ஒன்றே ஒன்று, அது அப்பா வழியில் வருவது, மாறாதது, மற்ற ஊரெல்லாம் பிழைக்க வந்த ஊர் என்பதுதான் அந்த நம்பிக்கை. மண்ணின் மைந்தர் அரசியல் பேசுபவரிடமும் அது இருக்கிறது, அந்த அரசியலை வெறுப்பவரிடமும் இருக்கிறது. அது தவறு. யாருக்கும் சேதமில்லாத தவறு என்று விட்டுவிடவும் முடியாது.

எதிர்த்தரப்பின் வாதத்தை வலு குறையாமல் சொல்லிவிடுகிறேன். ஊர் என்ற பிடிமானம் இல்லாமல் மொழியும் உறவும் நிலைக்காது என்கிறார்கள். குலதெய்வம் அங்கே இருக்கிறது, பங்காளிகள் அங்கே இருக்கிறார்கள், புனேயில் வளரும் பேரன் நாலு வார்த்தை தமிழ் பேசுவதே கோடை விடுமுறைக்கு அங்கே போய் வருவதால்தான். அடுத்து, ஓர் ஊரின் தண்ணீரிலும் நிலத்திலும் வேலையிலும் கல்லூரி இடத்திலும் தலைமுறையாக இருப்பவருக்கு முன்னுரிமை வேண்டாமா என்கிறார்கள். பணமும் படிப்பும் உள்ள வெளியூர்க்காரர் அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்ற பயம் வெறும் கற்பனையல்ல. புனேயை அடுத்த ஹிஞ்ஜவடியில் ஐ.டி. பூங்கா எழுந்தபோது வயலைக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் என்ன வேலை கிடைத்தது என்று ஒரு மராத்தியர் கேட்டால், அது நியாயமான கேள்வி. மூன்றாவதாக, நேட்டிவ் என்பது பெயர், வயது போல வெறும் தகவல், இதற்கெல்லாம் ஏன் கோபப்பட வேண்டும் என்கிறார்கள்.

முதல் இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மையைச் சுமக்க ‘நேட்டிவ்’ என்ற சொல் உதவாது என்பதே என் மறுப்பு. மூன்றாவது வாதத்தில் உண்மையே இல்லை.

1. பிறந்த ஊரா அது?

நேட்டிவ் என்றால் பிறந்த இடம் என்று அகராதி சொல்கிறது. ‘பிற’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் அது. நேச்சர், நேஷன், நேட்டல் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். வெகுளி என்ற பொருளில் வழங்கும் ‘நைவ்’ என்ற சொல்கூட, பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்த அதே சொல்தான்.

நாமோ அந்தச் சொல்லைப் பிறந்த ஊருக்குப் பயன்படுத்துவதே இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற சமூகம் நம்முடையது. குழந்தை பிறந்தது அம்மா வழித் தாத்தாவின் ஊரில், வளர்ந்தது புனேயின் கட்கியில், நேட்டிவ் என்று எழுதுவது அப்பாவின் அப்பா பிறந்த ஊரை. ராஸ்தா பேட்டில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கிறது, 1912 முதல் இருக்கிறது. அது நிற்கும் தெருவின் பெயர் சர்தார் முதலியார் ரோடு. முதலியார் என்ற தமிழ்ப் பட்டம் தேவநாகரியில் எழுதப்பட்டு முகவரியாகிப் போன அந்தத் தெருவில் பிறக்கும் தமிழ்க் குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் ‘புனே’ என்று இருக்கும். பதினெட்டு வயதில் அதே பிள்ளை ‘நேட்டிவ் – விருதுநகர்’ என்று எழுதுவான். இரண்டு தாளும் ஒரே கோப்பில் இருக்கும், யாருக்கும் உறுத்தாது.

பிறந்த இடத்தை மட்டும் கேட்டால் ஆள் எங்கிருந்து வந்தார் என்பது சரியாகத் தெரியாது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. 1971 கணக்கெடுப்பில் ‘இதற்கு முன் கடைசியாக எங்கே குடியிருந்தீர்கள்’ என்ற கேள்வியைச் சேர்த்தார்கள். 1981-ல் ஏன் இடம் மாறினீர்கள் என்றும் கேட்டார்கள். கணக்கெடுக்க வருபவருக்குத் தெரிந்த இந்த விஷயம் கல்யாணத் தரகருக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் இன்னும் எட்டவில்லை.

தமிழுக்கு இந்தக் குழப்பம் தேவையே இல்லை. பிறந்த ஊர், வளர்ந்த ஊர், சொந்த ஊர், பூர்வீகம், வாழ்க்கைப்பட்ட ஊர், குடியேறிய ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பெயர் வைத்திருந்தோம். மராத்தியிலும் அப்படித்தான்: மூதாதையர் ஊருக்கு மூள காவ், பெண்ணின் பிறந்த வீட்டுக்கு மாஹேர், அம்மாவைப் பெற்றவர்களின் வீட்டுக்கு ஆஜோள். இத்தனையையும் ஒரே சொல்லில் அடைத்து, அதில் ஒன்றை மட்டும் உண்மை என்று வைத்துக்கொண்டோம்.

2. அடிமையைக் குறித்த சொல் அது

இடைக்கால இங்கிலாந்தின் சட்ட ஏடுகளில் ‘நேட்டிவஸ்’ என்றால் பண்ணையில் பிறந்த அடிமைக் குடியானவன். பிறப்பால் நிலத்தோடு கட்டப்பட்டவன். பிரபுவின் அனுமதியில்லாமல் ஊரை விட்டுப் போகக் கூடாதவன். ஓடிப்போன நேட்டிவஸைப் பிடித்துக் கொண்டுவர பிரபு வாங்கும் ஆணைக்குத் தனிப் பெயரே இருந்தது. ஆக, இங்கிலாந்தின் சட்டத்தில் அந்தச் சொல் ஊர்ப்பாசத்தைக் குறிக்கவில்லை. இன்னார் இந்த மண்ணுக்கு உரியவன், இதைவிட்டு நகரக் கூடாது என்று சொல்வதற்கே அது இருந்தது.

அதே சட்டத்தில் ஒரு வாசலும் இருந்தது. ஓடிப்போன குடியானவன் உரிமைப் பட்டயம் பெற்ற ஒரு நகரத்தில் ஓராண்டும் ஒரு நாளும் பிடிபடாமல் வாழ்ந்துவிட்டால் அவன் சுதந்திரமானவன். வாழ்ந்த காலம் பிறப்பை வெல்லும் என்று அந்தக் காலத்துச் சட்டமே ஒப்புக்கொண்டது. இன்றைய மகாராஷ்டிரத்தில் டொமிசைல் சான்றிதழுக்குப் பொதுவாகப் பதினைந்து வருடக் குடியிருப்பைக் காட்ட வேண்டும். அதைக் காட்டிய பிறகும் ஒருவர் எதற்கெல்லாம் அந்நியராகவே இருக்கிறார் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு கப்பலேறி வந்த அந்தச் சொல், ஆளப்படுகிறவர் எல்லோருக்கும் பொதுப்பெயர் ஆயிற்று. நேட்டிவ் இன்ஃபன்ட்ரி, நேட்டிவ் டவுன், நேட்டிவ் ஸ்டேட் என்றெல்லாம் வழங்கியது. சொல்லில் இருந்த இழிவு ஆண்டவர்களுக்கே தெரிந்திருந்தது. வங்காளப் படையின் காலாட்படைப் பிரிவுகளின் பெயரிலிருந்து 1885-ல் அதை நீக்கினார்கள்.

இங்கே ஒருவர் எழுந்து, புனேக்காரர்களே அந்தச் சொல்லை விரும்பிச் சூடிக்கொண்டார்களே என்று கேட்கலாம். சூடிக்கொண்டார்கள். 1848-ல் தொடங்கிய நூலகத்துக்குப் பூனா நேட்டிவ் ஜெனரல் லைப்ரரி என்று பெயர். இன்று அது புனே நகர் வாசன் மந்திர். ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் அதே 1848-ல் பெண்களுக்குத் தொடங்கிய பள்ளிப் பணி, சில ஆண்டுகளில் ‘நேட்டிவ் ஃபீமேல் ஸ்கூல்ஸ்’ என்ற பெயரில் நடந்தது. வாமன் பிரபாகர் பாவேயும் வாசுதேவ் பல்வந்த் பட்கேயும் சேர்ந்து 1860-ல் நிறுவியது பூனா நேட்டிவ் இன்ஸ்டிட்யூஷன். மகாராஷ்டிரா எஜுகேஷன் சொசைட்டியின் தொடக்கம் அது. பட்கே பின்னாளில் ஆங்கிலேயரை எதிர்த்து ஆயுதம் எடுத்தவர்.

ஆனால் அவர்கள் என்ன பொருளில் சூடிக்கொண்டார்கள்? ஆள்பவன் அல்லாத எல்லோரும் நேட்டிவ். கொங்கணத்துப் பிராமணரும் சாதாராப் பக்கத்திலிருந்து வந்த மாலி குடும்பத்தவரும் அதில் அடக்கம். வெள்ளைக்காரனுக்கு எதிரே எல்லோரையும் ஒரே பக்கத்தில் நிறுத்தியது அந்தப் பயன்பாடு. இன்று நாம் செய்வது நேர் எதிர்: ஒரே தெருவில் இருப்பவர்களைப் பிரித்து நிறுத்த அதே சொல்லை எடுக்கிறோம். அவர்களை நமக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

3. பாதிப் பேருக்கு நேட்டிவே கிடையாது

பெண்களைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கட்கியில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1869-லிருந்து இருக்கும் தொழிற்சாலை அது. அதை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அக்காவுக்குக் கல்யாணத்துக்கு முன்பு நேட்டிவ் வேலூர் மாவட்டத்தில் ஒரு கிராமம்; அவர் அங்கே ஒரு மாதம்கூட முழுசாக இருந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகு நேட்டிவ் திண்டுக்கல் பக்கம். அங்கே மாமியார் உயிரோடு இருந்தவரை பொங்கலுக்குப் போனார். மகளுக்கு வரன் பார்க்க பயோடேட்டா தயாரானபோது தாளில் நட்சத்திரம், குலம், நேட்டிவ் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. நேட்டிவ் கட்டத்தில் திண்டுக்கல் என்று அவர் கணவர் எழுதினார். “கட்கின்னு போடேன், பொண்ணு பொறந்து வளர்ந்தது இங்கதானே” என்று அக்கா சொன்னார். “அது நேட்டிவ் இல்லம்மா” என்று பதில் வந்தது. அம்மாவின் ஊருக்கு அந்தத் தாளில் கட்டமே இல்லை.

நேட்டிவ் என்பது மாறாத உண்மை என்றால் பெண்ணுக்கு மட்டும் தாலி ஏறியதும் அது எப்படி மாறுகிறது? மாறக்கூடியது என்றால் ஆணுக்கு ஏன் மூன்று தலைமுறை ஆனாலும் மாறுவதில்லை? இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த நம்பிக்கை நிற்காது. அது ஊரைப் பற்றிய தகவலே அல்ல, தந்தைவழி உரிமையின் இன்னொரு பெயர் என்று ஏற்றுக்கொண்டால் மட்டும் எல்லாம் பொருந்திவிடுகிறது.

4. புனேயைப் புனே ஆக்கியவர்களின் நேட்டிவ் எது?

மண்ணின் மைந்தர் வாதம் இந்த நகரத்தில் எழும்போதெல்லாம் இதைக் கேட்க வேண்டும். 1713-ல் பேஷ்வா ஆன பாலாஜி விஸ்வநாத் கொங்கணக் கடற்கரையின் ஸ்ரீவர்தனைச் சேர்ந்தவர். அவர் மகன் முதலாம் பாஜிராவ் 1730-ல் சனிவார் வாடாவுக்கு அடிக்கல் நாட்டியபோது, அந்தக் குடும்பம் புனேக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. கொங்கணத்திலிருந்து அவர்களைத் தொடர்ந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று ‘அசல் புனேக்காரர்’ என்று பேர் வாங்கியிருப்பவர்களில் பலர். திலகர் ரத்னகிரியில் பிறந்தவர். கோகலேயும் கார்வேயும் அந்தப் பக்கத்தவர்களே. ரானடே பிறந்தது நாசிக் பக்கம் நிபாட். சாவித்திரிபாய் சாதாரா பக்கத்து நாய்காவ். பண்டித ரமாபாய் பிறந்தது கர்நாடகத்தில். புனேயின் சவாய் கந்தர்வ இசைவிழாவை வளர்த்த பீம்சேன் ஜோஷியும் கர்நாடகத்தில் கதக் பக்கத்திலிருந்து வந்தவர். இவர்களைக் கழித்துவிட்டுப் புனேயின் சரித்திரத்தை எழுதிப் பார்க்கட்டும்.

“அவர்கள் மராத்தியர், பக்கத்து மாவட்டத்துக்காரர்கள், அதுவும் இதுவும் ஒன்றா?” என்பார்கள். ரமாபாயும் பீம்சேனும் பக்கத்து மாவட்டம் அல்ல. அதைவிட முக்கியமாக, மொழிதான் அளவுகோல் என்றால் தஞ்சாவூர் மராத்தியரை என்ன செய்வது? 1670-களில் வெங்கோஜி தஞ்சையைப் பிடித்தார். 1855 வரை போன்ஸ்லே வம்சம் அங்கே இருந்தது. அவர்களோடு வந்தவர்களின் சந்ததி இன்றும் வீட்டில் மராத்தி பேசுகிறது. அந்தக் குடும்பத்துப் பையன் புனேக்கு வேலைக்கு வந்தால் அவனுடைய பழைய மராத்தியைக் கேட்டு அலுவலகத்தில் “நீ மதறாசி” என்கிறார்கள். தஞ்சாவூரிலோ அவன் ‘ராயர் வீட்டுப் பையன்’. மொழிப்படி அவன் மராத்தியன், ஊர்ப்படி தமிழன், பூர்வீகப்படி முந்நூறு வருடத்துக்கு முந்தைய தக்காணத்தான். நேட்டிவ் கட்டத்தில் எதை எழுதினாலும் மற்ற இரண்டும் பொய்யாகிவிடும்.

5. இது வெறும் தகவல் என்றால் ஏன் உரிமையைப் பறிக்கிறது?

இதுதான் எனக்கு முக்கியமான மறுப்பு. நிதானமாகச் சொல்ல வேண்டியது.

அரசியலமைப்பின் 15-வது பிரிவு பிறந்த இடத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்கிறது. அரசு வேலையைப் பற்றிய 16-வது பிரிவு பிறந்த இடத்தோடு குடியிருப்பையும் சேர்த்துச் சொல்கிறது. 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தியாவில் மாநிலத்துக்கு ஒரு டொமிசைல் என்பதே கிடையாது, இந்தியா என்ற ஒரே டொமிசைல்தான் என்று சொன்னது. எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரு பகுதியை உள்ளூர் மாணவருக்கு வைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு அனுமதித்தது. பின்தங்கிய பகுதிக்கு மருத்துவர் வேண்டும் என்பது அதன் நியாயம். மருத்துவ மேற்படிப்பில் குடியிருப்பை வைத்து இடம் ஒதுக்குவது செல்லாது என்று 2025 ஜனவரியில் தன்வி பெஹல் வழக்கில் தீர்ப்பு வந்தது. ஆக, சட்டம் தட்டுத்தடுமாறியாவது பிறப்பை விட்டு விலகி வந்துகொண்டிருக்கிறது.

ஒரு கூட்டத்துக்கு மட்டும் அது அசையவே இல்லை. பட்டியல் சாதியினரும் பட்டியல் பழங்குடியினரும்.

1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திரத்தில் பட்டியல் பழங்குடியாக ஏற்கப்பட்ட சமூகத்துப் பையன். அப்பா பொதுத்துறை உர நிறுவனத்தில் வேலை பெற்று மும்பைக்கு வந்ததால் சிறுவயதிலேயே அங்கே வந்து, அங்கேயே படித்தவன். மும்பை மருத்துவக் கல்லூரியில் பழங்குடி ஒதுக்கீட்டில் இடம் கேட்டான். கிடைக்காது என்றது உச்ச நீதிமன்றம். பட்டியல் ‘அந்த மாநிலத்தைப் பொறுத்து’ என்று 341, 342-வது பிரிவுகள் சொல்கின்றன. எனவே ஊர் மாறினால் அந்தத் தகுதி கூடவே வராது. 1994-ல் மகாராஷ்டிரம் சம்பந்தப்பட்ட இன்னொரு வழக்கிலும் இதுவே உறுதியானது. 2018-ல் பீர் சிங் வழக்கிலும் இதுவே.

நீதிமன்றத்தின் காரணத்தையும் சொல்ல வேண்டும். தீண்டாமையின் கொடுமை இடத்துக்கு இடம் வேறுபடும்; ஒரு மாநிலத்தில் ஒடுக்கப்பட்ட சாதி இன்னொன்றில் அப்படி இல்லாமல் இருக்கலாம்; வெளியிலிருந்து வருபவர்கள் உள்ளூர்ப் பட்டியல் மக்களின் பங்கில் கை வைக்கக் கூடாது. மகாராஷ்டிரத்தின் பௌத்தர்களும் மாதங்குகளும் இந்தக் கவலையைச் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. மத்திய அரசு வேலைகளில் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும் என்பதும் உண்மை.

நேற்று வந்து இறங்கியவருக்கு இந்தக் காரணம் பொருந்தலாம். ஆனால் மகாராஷ்டிரத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். தாத்தா 1955-ல் புனேயை அடுத்த தேஹு ரோட்டுக்கு வந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்பா அங்கே பிறந்தார். மகள் அங்கே பிறந்தாள், மராத்தியில் படித்தாள், டொமிசைல் வைத்திருக்கிறாள், வாக்களிக்கிறாள். எழுபது வருடம் ஆகிவிட்டது. மாநிலக் கல்லூரியின் பார்வையில் அவள் இன்னும் புலம்பெயர்ந்தவள். தமிழ்நாட்டுக்குப் போய்க் கேட்டால், நீ இங்கே படிக்கவில்லையே, நேட்டிவிட்டி சான்றிதழ் கொண்டுவா என்பார்கள். தாத்தாவின் கிராமத்தில் வீடு இல்லை, பட்டா இல்லை. அவளை இன்னார் என்று அடையாளம் சொல்லவும் அங்கே ஆள் இல்லை. அதற்கு எதைக் கொண்டு விண்ணப்பிப்பாள்?

அவளுடைய சாதி மட்டும் எல்லையில் நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புனேத் தமிழர்களுக்குள் கல்யாணப் பேச்சு எழும்போது யார் எந்தத் தெரு, யார் எந்தக் குலம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ‘நேட்டிவ் எது’ என்ற கேள்வியே பலமுறை அதற்காகத்தான் கேட்கப்படுகிறது. மாவட்டமும் கிராமமும் தெரிந்தால் மீதியைக் கண்டுபிடித்துவிடலாம். இழிவு குடும்பத்தோடு ரயிலேறி வந்துவிட்டது. அதற்கு ஈடாகச் சட்டம் கொடுத்தது மட்டும் அரக்கோணத்திலேயே இறங்கிவிட்டது. இதை வெறும் தகவல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

6. இந்த நம்பிக்கையை முழுதாக நம்பிய நாடுகள் எங்கே போய் நின்றன?

இலங்கையின் 1948-ம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தைத் தமிழர் எவரும் மறக்கக் கூடாது. அங்கே பிறந்தால் போதாது. அப்பா அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் பிறந்தவர்கள் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்கள்? ஏழு லட்சம் பேருக்குமேல் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அவர்களில் பலர் கண்ணால் பார்த்திராத இந்தியாதான் அவர்களுடைய நேட்டிவ் என்று இரண்டு அரசுகளும் சொல்லின. வந்தவர்களில் ஒரு பகுதியினரை நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்களுக்கு வைத்த பெயர் ‘சிலோன்காரர்’. கண்டியில் இந்தியர், கூடலூரில் சிலோன்காரர். ‘நேட்டிவ் ஒன்றுதான்’ என்ற கொள்கையை நேர்மையாக, முழுமையாக நடைமுறைப்படுத்தினால் கிடைக்கும் பலன் இதுதான்: எங்குமே நேட்டிவ் இல்லாத மனிதர்.

தென்னாப்பிரிக்காவில் 1913-ம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தது: நேட்டிவ்ஸ் லேண்ட் ஆக்ட். நாட்டின் பெரும்பான்மையினருக்கு ஏறத்தாழ ஏழு சதவீத நிலம். 1970-ல் இன்னொரு சட்டம் ஒவ்வொரு கறுப்பரையும் ஒரு ‘தாயகத்தின்’ குடியாக்கியது. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து அங்கேயே வேலை பார்த்தவருக்கும் உன் ஊர் டிரான்ஸ்கை என்றார்கள். 1976-ல் டிரான்ஸ்கைக்குச் ‘சுதந்திரம்’ கொடுத்து அவர் கையிலிருந்த தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை எடுத்துக்கொண்டார்கள். உன் நேட்டிவ் வேறு என்று சொல்வதற்கும் உனக்கு இங்கே உரிமை இல்லை என்று சொல்வதற்கும் நடுவில் ஒரு சட்டத்தின் தூரம்தான் இருந்தது.

7. நம்மையும் விட்டுவைக்கக் கூடாது

1966-ல் தொடங்கிய சிவசேனை தென்னிந்தியரைக் குறிவைத்ததையும், 2008 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச, பீகார் தொழிலாளர்கள் அடிக்குப் பயந்து புனேயை விட்டு ரயிலேறியதையும் புனேத் தமிழர்கள் மறக்கவில்லை. அந்த அரசியல் தவறு என்று சரியாகவே சொல்கிறார்கள். அதே வாயால், ஊருக்குப் போன் பேசும்போது திருப்பூரில் வடக்கன் நிறைந்துவிட்டான் என்கிறார்கள். ‘வந்தேறி’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு மேடைகளில் கேட்டுக் கைதட்டுகிறார்கள். பனியன் கம்பெனியில் பத்து வருடம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்த பீகார்ப் பெண்ணுக்குத் திருப்பூர் ஊரில்லை என்றால், கட்கியில் நாற்பது வருடம் இருந்தவருக்குக் கட்கி மட்டும் எப்படி ஊராகும்? ஒன்றைக் கேட்டு மற்றதை மறுக்க முடியாது.

இனி பிடிமானம் பற்றிய வாதம். அதற்குப் பதில் சொல்லாமல் போவது நியாயமல்ல.

கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மணின் ‘ஆர்’ ராசிபுரம். அவர் பிறந்தது மைசூரில், 1921-ல். உழைத்தது மும்பையில். கடைசிக் காலம் புனேயில். 2015 ஜனவரி 26 அன்று இங்கேதான் காலமானார். அவர் படைத்த சாமானியனின் சிலை சிம்பயாசிஸ் வளாகத்தில் நிற்கிறது: வேட்டி, கட்டம்போட்ட கோட்டு, வட்டக் கண்ணாடி. அண்ணன் நாராயணுக்கும் அதே ராசிபுரம்தான் முதலெழுத்து. பிறந்தது சென்னையில், வாழ்ந்தது மைசூரில், எழுதியது எந்த வரைபடத்திலும் இல்லாத மால்குடியைப் பற்றி. மங்கேஷ்கர் குடும்பத்தின் பெயரில் கோவாவின் மங்கேஷி இருக்கிறது. லதா பிறந்தது இந்தூரில். பெயரில் ஓர் ஊரைச் சுமப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பூர்வீகத்தைப் போற்றுங்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வையுங்கள், பிள்ளைகளைத் தாத்தா ஊருக்குக் கூட்டிப்போங்கள். நினைவுக்கு அது போதும். யாருக்கு என்ன உரிமை என்று தீர்மானிக்கிற வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இதில் அரசாங்கத்தின் ஒரு மூலையில் நல்ல முன்மாதிரி இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் எல்.டி.சி. பயணச் சலுகைக்குத் தன் ‘ஹோம் டவுன்’ எது என்று அறிவிக்க வேண்டும். கட்கித் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு இது அத்துபடி. அதில் பிறப்பைக் கேட்பதில்லை. குடும்பக் கடமைகளுக்காக அடிக்கடி போக வேண்டிய இடமா, அங்கே சொத்து இருக்கிறதா, நெருங்கிய உறவினர் இருக்கிறார்களா, வேலைக்கு வருமுன் அங்கே வாழ்ந்தாரா என்று பார்க்கிறார்கள். தகுந்த காரணம் இருந்தால் பணிக்காலத்தில் ஒருமுறை மாற்றிக்கொள்ளவும் விடுகிறார்கள். ஒருமுறை என்பது எனக்குப் போதாது. ஆனாலும் ஊர் என்பது ஒருவர் தானே அறிவிப்பது, வாழ்க்கையைக் கொண்டு நிரூபிப்பது, மாறக்கூடியது என்று ஒரு ரயில் டிக்கெட் விதி ஒப்புக்கொண்டுவிட்டது.

உள்ளூர் முன்னுரிமை பற்றிய நியாயமும் இதே வழியில் தீரும். புனேயின் வேலையில், கல்லூரியில், தண்ணீரில் இங்கே வாழ்பவருக்கு முன்னுரிமை கொடுங்கள். எத்தனை வருடம் வாழ்ந்தார், பிள்ளை எங்கே படித்தது, மராத்தி தெரியுமா என்று கேளுங்கள். நிலம் கொடுத்த ஹிஞ்ஜவடி விவசாயியின் மகனுக்கு அதில் இடம் கிடைக்கும், தேஹு ரோடு பெண்ணுக்கும் கிடைக்கும். மராத்தி கற்கச் சொல்வதை நம் ஆட்கள் அவமானமாக நினைப்பதும் நிற்க வேண்டும். முப்பது வருடம் ஒரு நகரத்தில் இருந்துவிட்டு, காய்கறிக்காரியிடம் விலை கேட்கும் அளவு மராத்தியோடு நின்றுவிடுபவர் அந்த ஊரைத் தன் ஊர் என்று கேட்கும் தகுதியைத் தானே குறைத்துக்கொள்கிறார்.

சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நீதிமன்றத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. இடம் மாறிய பிள்ளைகளின் நிலையைச் சட்டமன்றங்கள்தான் கவனிக்க வேண்டும் என்று 1990 தீர்ப்பே சுட்டியது. அதன்பின் எத்தனையோ அரசுகள் வந்து போயின. அந்தச் சட்டம் வரவில்லை. மாநிலத்திலேயே பிறந்து பள்ளிப்படிப்பு முழுவதையும் அங்கேயே முடித்த பட்டியல் சாதிப் பிள்ளைக்கு, பெற்றோரின் மாநிலச் சான்றிதழை ஏற்று, உள்ளூர்ப் பட்டியல் மக்களின் பங்கு குறையாதபடி கூடுதல் இடம் உருவாக்கலாம். 1950 ஆகஸ்ட் 10 என்ற தேதிக்குப் பதில் குடியிருந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கலாம். இதை நாடாளுமன்றம் செய்ய வேண்டும். நாடாளுமன்றத்தைக் கேட்க வைக்க வேண்டியது, பொங்கல் விழாவுக்கு உள்ளூர் எம்.பி.யை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தும் புனேயின் தமிழ் அமைப்புகள். அடுத்த முறை அவர் வரும்போது பொன்னாடையோடு இந்தக் கோரிக்கையையும் எழுத்தில் கொடுக்கட்டும். தங்கள் உறுப்பினர் படிவத்திலிருந்து நேட்டிவ் கட்டத்தை அதற்கு முன்பே எடுத்துவிடட்டும்.